நாலாவது குரல்

எங்கள் கல்லூரியிலிருந்து நாற்பத்தெட்டுப் பேரைப் பஸ்ஸில் ஏற்றி மின்சார மாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அறிவை வளர்க்க என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்காலியை நிரப்பத்தான். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்துக்கு முன்னூறு பேர்தான் பதிவு செய்திருந்தார்களாம். மேடையில் பேசுகிறவர்களுக்குக் காலி நாற்காலியைக் கண்டால் பேச்சு வராது போலிருக்கிறது. அக்கம்பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, கல்லூரிக்கு ஒரு பஸ் என்று எங்களை வரவழைத்துவிட்டார்கள்.

எங்கள் துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பிரசங்கமே நடத்தினார்.

"யாரும் தூங்கக் கூடாது. யாரும் போனை நோண்டக் கூடாது. மேடையில என்ன சொன்னாலும் கை தட்டணும். புரியலைன்னா இன்னும் பலமா தட்டணும்."

இந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் அவர் நாலு வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உருப்படியான பாடம். அவரே அப்படித்தான் மேலே வந்தவர்.

மண்டப வாசலில் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். 'எதிர்காலத்தின் ஒளி' என்று அதில் அச்சடித்திருந்தது. என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். சொன்னால், "பரவாயில்லம்மா, யார் பாக்கப் போறாங்க" என்றார் அட்டை கொடுத்தவர். அதுவும் நியாயம்தான்.

எங்களில் இரண்டு பேரை மட்டும் மேடை வேலைக்குப் பிரித்தெடுத்தார்கள். ஒன்று நான். பெண்பிள்ளை என்றால் பூங்கொத்து தூக்கத்தானே லாயக்கு. மேடையின் பக்கவாட்டில் பன்னிரண்டு பூங்கொத்துகளோடு என்னை நிறுத்தினார்கள். இன்னொன்று ப்ராக்ஸி. கேள்வி நேரத்தில் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை.

ப்ராக்ஸி என்பது அவன் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. வகுப்பு வைத்த பெயர். வராதவர்களுக்கெல்லாம் அவன்தான் 'பிரசன்ட் சார்' சொல்வான். ஆள் ஒன்று, குரல் பத்து. கட்டைக் குரல், கீச்சுக் குரல், சளி பிடித்த குரல், தூக்கக் கலக்கக் குரல் என்று யாருக்கு என்ன வேண்டுமோ அதை அப்படியே இறக்குவான். பெண் குரல்கூடத் தண்ணீர் பட்டபாடு. துறைத் தலைவர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பெயர்களை வாசிப்பார். நிமிர்த்தினால் தெரிந்துவிடுமே. முக்கால்வாசி நாற்காலி காலியாக இருக்கும் வகுப்பில் தொண்ணூறு சதவீத வருகை பதிவாகும். கல்லூரிக்குத் தரச் சான்றிதழ் அப்படித்தான் கிடைத்தது. நானும் யோக்கியம் இல்லை. எனக்காக அவன் நாற்பத்தொரு தடவை குரல் கொடுத்திருக்கிறான். எண்ணி வைத்திருக்கிறேன்.

அன்று காலை நான் புதுக் கறுப்பு ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் வாசலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் லைன்மேன். நாலு பேர் கொண்ட ஒரு கேங்குக்கு லீடர். அப்பா போன பிறகு, ஐ.டி.ஐ. முடித்த கையோடு கம்பத்தில் ஏறியவன். நான் இன்று பூங்கொத்து தூக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்றால் அது அவன் புண்ணியம்.

"மாநாட்டுல என்ன பேசுவாங்க?" என்று கேட்டான்.

"உன்னைப் பத்திதான். பாதுகாப்பு. காலைல முழுக்க அதுதான்."

"நல்லா பேசட்டும். நாங்க இன்னைக்கு மார்க்கெட் லைன்ல இருக்கோம். உங்க மண்டபத்துக்கு அந்த லைன்தான். ஆனா பயப்படாதே, இன்னைக்கு ரயில்வே லைன்லேருந்து உங்களுக்குக் கரண்ட் கொடுத்திருக்காங்க. பெரிய மனுஷங்களுக்கு வேர்க்காது."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால், சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர் அந்த லைனை அணைத்துவிட்டு ஒரு சீட்டு எழுதித் தருவார். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும், யார் தலைகீழாக நின்றாலும் அந்த லைனில் கரண்ட் விடக் கூடாது. தூரத்தில் வேலை என்றால் போனில் சொல்லித் திருப்பலாம். சட்டம் அவ்வளவுதான். அண்ணன் கேங் மட்டும் அதற்கு மேல் ஒன்று வைத்திருந்தது. போனில் லீடர் மட்டும் பேசினால் போதாது. வேலைக்குப் போன நாலு பேரும் ஒவ்வொருவராக, அவரவர் வாயால், 'நான் கீழே இருக்கேன்' என்று ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். நாலாவது குரல் கேட்ட பிறகுதான் சுவிட்ச்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்போதைய லீடர் நல்ல மனசோடுதான் 'எல்லாரும் இறங்கியாச்சு' என்று சொன்னார். பின்பக்கக் கம்பத்தில் ஒருவர் இன்னும் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். உயிர் தப்பியது. வலது கை போயிற்று. இன்று அவர் ஆபீஸில் உட்கார்ந்து இடது கையால் விண்ணப்பங்களை அடுக்குகிறார். அதற்கு அப்புறம்தான் அண்ணன் இந்த முறையைக் கொண்டுவந்தான். மற்ற கேங்குகள் அவனைக் கிண்டல் செய்யும். 'என்னப்பா, ஸ்கூல் அட்டெண்டன்ஸா' என்று கேட்பார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

இதையெல்லாம் கல்லூரியில் நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அண்ணன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "மின்சாரத் துறையில இருக்கார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். "இன்ஜினியரா?" என்பார்கள். நான் சிரிப்பேன். சிரிப்பைப் பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. நாலு வருஷம் அந்தச் சிரிப்பிலேயே ஓட்டியிருந்தேன். வெட்கம் கெட்டவள்.

மாநாடு பத்து மணிக்குத் தொடங்கியது. முதலில் தலைமைப் பொறியாளர் பேசினார். இந்த வட்டாரத்து மின்சாரம் முழுக்க அவர் கைக்குள்தான். தலைப்பு, 'பூஜ்ஜிய விபத்து'. திரையில் அறுபத்துநாலு படங்கள் ஓடின. அதில் ஒரு லைன்மேன்கூட இல்லை. கண்ணாடிக் கட்டடம், நீல வானம், காற்றாலை, வெளிநாட்டுக் குழந்தை ஒன்று பல்ப் பிடித்துக்கொண்டு சிரிப்பது, இப்படியே போயிற்று. கம்பத்தில் ஏறுகிறவனைக் காட்டினால் படம் அழுக்காகிவிடும் போலிருக்கிறது.

பேச்சு முடிந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். வலது கையை நீட்டி உறுதிமொழி. 'ஒவ்வொரு தொழிலாளியின் உயிரும் என் உயிருக்குச் சமம்' என்று அவர் சொல்ல, ஆயிரம் பேர் திருப்பிச் சொன்னோம். துறைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிச் சொன்னார். ப்ராக்ஸி இரண்டு குரலில் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு யார் யாரோ பேசினார்கள். நான் பூங்கொத்துகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தேன். ஒருவர் மின்தடையே இல்லாத நகரம் என்ற தலைப்பில் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். 'இனி ஒரு நொடிகூட' என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கரண்ட் போயிற்று.

பொய் இல்லை. அப்படியேதான் நடந்தது. மைக் செத்தது, திரை செத்தது, ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கதவுக்கு மேல் இருந்த எட்டு அவசர விளக்குகளில் இரண்டு எரிந்தன. எதிர்காலத்தின் ஒளி எல்லாம் போனைத் தூக்கி டார்ச் அடித்தது. மண்டபத்து ஜெனரேட்டரைக் கிளப்பப் போனவர், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரும்பி வந்தார். வெளியே கண்காட்சியில் பதினோரு ஜெனரேட்டர்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. ஒன்றிலும் டீசல் இல்லை. இரண்டு வெறும் கூடு. உள்ளே எஞ்சினே கிடையாதாம். நாட்டின் மின்சார மூளைகள் அத்தனையும் ஒரே கூரைக்கு அடியில் கூடி, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தன.

தலைமைப் பொறியாளர் மேடையின் பக்கவாட்டுக்கு வந்தார். நானும் ப்ராக்ஸியும் நின்ற இடம் அதுதான். துறைத் தலைவரும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார், யாரும் கூப்பிடாமலே. தலைமைப் பொறியாளர் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தது ஒரு பெண் குரல். மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று அண்ணன் சொல்லியிருந்த ஆபரேட்டர் அக்கா.

"ரயில்வே லைன் ட்ரிப் ஆயிடுச்சு சார். எங்கேயோ மரம் விழுந்திருக்கு. ஆள் போயிருக்காங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

"அப்ப மார்க்கெட் லைனைப் போடுங்க."

"அதுல லைன் கிளியர் இருக்கு சார். பதினேழாம் நம்பர். நாலு பேர் வேலையில இருக்காங்க."

"எத்தனை மணி வரைக்கும்?"

"பன்னிரண்டுன்னு எழுதியிருக்கு."

"இப்ப பன்னிரண்டே கால். நேரம் முடிஞ்சு போச்சு இல்ல?"

"நேரம்தான் சார் முடிஞ்சிருக்கு. வேலை முடிஞ்சுதான்னு தெரியாது. வாங்கினவர் திருப்பணும்."

"போன் பண்ணிக் கேளுங்க."

"நாலு தடவை பண்ணிட்டேன் சார். எடுக்கல. மேல இருந்தா எடுக்க மாட்டாங்க."

"நான் சொல்றேன், போடுங்க."

"எழுதி அனுப்புங்க சார். ரெஜிஸ்டர்ல ஒட்டிட்டுப் போடறேன்."

அவர் போனை வைத்துவிட்டார். எழுதுவாரா அவர். உறுதிமொழி எடுத்த கை சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொடவே இல்லை.

மார்க்கெட் லைன் என்றால் கம்பத்தில் இருப்பது என் அண்ணன் கேங். ஆனாலும் அந்த அக்கா பிடி கொடுக்காததில் கொஞ்சம் மூச்சு வந்தது. நல்ல வேளை, இந்தக் கூட்டத்துக்கு வெளியே ஒருத்தியாவது இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பன்னிரண்டரைக்குச் சீஃப் கெஸ்ட் வர்றார்" என்றார் தலைமைப் பொறியாளர், யாரையும் பார்க்காமல். "மின்சார மாநாட்டுல மின்சாரம் இல்லைன்னு நாளைக்குப் பேப்பர்ல போடுவான்."

துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஜால்ரா அடிக்க இதைவிட நல்ல நேரம் அவருக்கு எப்போது வாய்க்கும்.

"சார், நேரம் முடிஞ்சுதுன்னா ஆளுங்க இறங்கிச் சாப்பிடப் போயிருப்பாங்க. போனை எங்கேயாவது போட்டுட்டு இருப்பாங்க. அவங்க சார்பா யாராவது ஒருத்தர் சொன்னா போதும் இல்லையா சார்? ஒரு ஃபார்மாலிட்டிதானே."

சொல்லிவிட்டு மெல்லத் திரும்பி ப்ராக்ஸியைப் பார்த்தார். நாலு வருஷமாக வகுப்பில் நிமிராத தலை அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. ஆக, எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது அந்த மனுஷனுக்கு.

தலைமைப் பொறியாளர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எனக்கு எதுவும் தெரியாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, சப்-ஸ்டேஷன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக உரக்க வாசித்தார்.

ப்ராக்ஸி அதைத் தன் போனில் அழுத்தினான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால்கூட யோசித்திருப்பான். அவனுக்கு இது இன்னொரு அட்டெண்டன்ஸ். யாரோ நாலு பேர் வரவில்லை, அவர்களுக்கு ஒரு பிரசன்ட் போட வேண்டும், அவ்வளவுதான். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான்.

"அம்மா, பதினேழாம் நம்பர் லைன் கிளியர் பேசறேன்மா. என் போன்ல சார்ஜ் இல்ல, கடைக்காரர் போன்ல பேசறேன். வேலை முடிஞ்சுதுமா. ஆளெல்லாம் இறங்கியாச்சு."

கரடுமுரடான குரல். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது மாதிரி. கம்பத்தில் ஏறுகிறவன் என்றால் இப்படித்தான் பேசுவான் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. என் அண்ணன் செய்தி வாசிக்கிறவர் மாதிரித் தெளிவாகப் பேசுவான். துறைத் தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். கையில் ஒரு பூங்கொத்தை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். 'அது என் அண்ணன்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ப்ராக்ஸிக்குத் தெரியும், துறைத் தலைவருக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் பஸ்ஸுக்கே தெரியும். இன்ஜினியர் தங்கச்சி லைன்மேன் தங்கச்சியாகிவிடுவேன். இதைப் போய் அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதோடு இன்னொரு எண்ணமும் ஓடியது. அந்த அக்கா விட மாட்டாள், நாலு பேரும் பேச வேண்டும் என்று கேட்பாள், இவன் மாட்டிக்கொள்வான், நான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும்.

அக்கா கேட்கவும் செய்தாள்.

"சரிங்க. உங்க கேங்ல நாலு பேரும் பேசணும்னு இங்க எழுதி ஒட்டியிருக்கு. ஒவ்வொருத்தரா போனைக் கொடுங்க."

ப்ராக்ஸி ஒரு நொடிதான் தயங்கினான். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான். "இந்தாப்பா, பேசு" என்று கரட்டுக் குரலில் சொன்னான். பிறகு கீச்சுக் குரலில், "அக்கா, நான் கீழதான் இருக்கேன்க்கா" என்றான்.

"அடுத்தவர்?"

சளி பிடித்த குரலில் இருமிக்கொண்டே, "நானும் இறங்கிட்டேன்மா" என்றான்.

இருமல்கூட அசல். வகுப்பில் பின்வரிசைக்காரன் ஒருவனுக்காக மூன்று வருஷம் பழகிய இருமல் அது. தலைமைப் பொறியாளர் சுவரைப் பார்த்தபடியே மெல்லத் தலையாட்டினார்.

"சரி. கடைசி ஆள்?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நடக்கிற சத்தம். சுவிட்ச் இருக்கிற இடத்துக்குப் போகிறாள். ப்ராக்ஸி நாலாவது குரலுக்காகத் தொண்டையைச் சரி செய்துகொண்டான்.

பூங்கொத்து எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. போன் என் கையில் இருந்தது.

"அக்கா, போடாதீங்க. இது எல்லாம் ஒரே ஆள். மண்டபத்துலேருந்து பேசறான். கம்பத்துல இருக்கறது என் அண்ணன். அவங்க யாரும் இன்னும் இறங்கல. போடாதீங்கக்கா."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "போடலம்மா" என்றாள் அக்கா. "கையை எடுத்துட்டேன்."

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் தலைமைப் பொறியாளர். அப்போதுதான் சுவரிலிருந்து கண்ணைத் திருப்பினார்.

"எங்க ஸ்டூடண்ட்தான் சார்" என்று குழைந்தார் துறைத் தலைவர். "கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டா. சின்னப் பொண்ணு."

"ஆமா சார், உணர்ச்சிவசப்பட்டுட்டேன்" என்றேன். "இவ்வளவு நேரம் படாம இருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் வெட்கமா இருக்கு. உங்களுக்குக் கரண்ட் வேணும்னா அந்தப் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்திருக்கணும். ஒரு கையெழுத்துப் போட பயம். நாலு பேரைக் கொல்ல பயமில்ல."

"மண்டபத்து ஜெனரேட்டருக்கு ஒரு பேட்டரி கொண்டுவரச் சொல்லுங்க" என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு, தலைமைப் பொறியாளர் இருட்டில் மேடைப் பக்கம் போய்விட்டார்.

ப்ராக்ஸி என்னைப் பேய் பார்ப்பது போலப் பார்த்தான். "உங்க அண்ணன் இன்ஜினியர்னு சொன்னே" என்றான். அதுதான் அவன் கேட்ட கேள்வி. போனை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தேன்.

மார்க்கெட் தெரு பத்து நிமிஷ நடை. நான் நாலு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். புது ஷூ குதிகாலைக் கடித்துத் தோலை உரித்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லாததால் கடைக்காரர்கள் எல்லாம் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்புக் கடைக்கு எதிர்க் கம்பத்தின் அடியில் கயிறும் பழைய இன்சுலேட்டர்களும் குவிந்து கிடந்தன. அண்ணன் பை அங்கேதான் இருந்தது. அதற்குள் அவன் போன்.

அண்ணன் மேலே இருந்தான். இடுப்பு பெல்ட்டில் சாய்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் துணிக்கொடியைப் பிடிப்பது போல அவ்வளவு சாதாரணமாகப் பிடித்திருந்தான். மேலே இருப்பவனைக் கீழிருந்து கூப்பிடக் கூடாது என்று அவனே சொல்லியிருக்கிறான். கூப்பிடவில்லை. செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்து, அவன் இறங்குகிற வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"என்ன இங்க வந்து உக்காந்திருக்கே? அதுக்குள்ள மாநாடு முடிஞ்சுதா?" என்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆளெல்லாம் இறங்கியாச்சு என்றதைச் சொன்னேன், கீச்சுக் குரலைச் சொன்னேன், இருமலைச் சொன்னேன். அவன் கேங் ஆட்கள் மூன்று பேரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்றான் அண்ணன்.

"பன்னிரண்டு இருபது இருக்கும்."

கேங்கில் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிற வயதானவரை அவன் திரும்பிப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எர்த் ராடைக் கழட்டி அடுத்த கம்பத்துக்கு மாத்திக்கிட்டிருந்த நேரம்" என்றான் அண்ணன். கரண்ட் தப்பித் தவறி வந்தால் மண்ணுக்குள் இழுத்துவிடுகிற கம்பி அது. "மாமா கீழ ராடைப் பிடிச்சிருந்தார். அவங்க ரெண்டு பேரும் கயிறு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. மேல நான் ஒருத்தன்தான்."

ப்ராக்ஸி பேசிய முதல் குரல் அவன் குரலாகத்தான் போயிருந்தது.

"நான் உடனே தடுத்திருக்கணும்ணா" என்றேன். "மூணு குரல் வரைக்கும் சும்மா நின்னேன். நீ லைன்மேன்னு சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு நின்னேன். வகுப்புல எனக்கும் அவன்தான் குரல் கொடுப்பான். நாற்பத்தொரு தடவை."

அண்ணன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துணியில் துடைத்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"பதினேழாம் நம்பர் லைன் கிளியர் திருப்பறேங்க. வேலை முடிஞ்சுது. எர்த் எல்லாம் எடுத்தாச்சு. நான் கீழே இருக்கேன். மத்தவங்களுக்குக் கொடுக்கறேன்."

போன் கைமாறியது. மாமா பேசினார். அடுத்தவர் பேசினார். அதற்கு அடுத்தவர் பேசினார். மூன்றும் சாதாரணக் குரல்கள். கடைசியில் போன் அண்ணனிடம் வந்தது. அவன் அதை என்னிடம் நீட்டினான்.

"நீயும் கம்பத்துக்கிட்டதானே நிக்கறே. சொல்லு."

வாங்கினேன்.

"அக்கா, நான் கீழேதான் இருக்கேன்."

"அந்தப் பொண்ணா?" என்றாள் அக்கா. "நாலாவது குரலும் வந்திருந்தா போட்டிருப்பேன்மா. எனக்கு இன்னும் அவங்க குரலெல்லாம் பழகல. நீ வீட்டுக்குப் போ. நான் எல்லாத்தையும் ரெஜிஸ்டர்ல எழுதி வெச்சிருக்கேன், வந்த போன் நம்பரோட."

இரண்டு நிமிஷத்தில் செருப்புக் கடையில் பல்ப் எரிந்தது. தெருவில் ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. கேங் ஆட்கள் பழைய இன்சுலேட்டர்களை வண்டியில் ஏற்றினார்கள். நான் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மறுமுனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தான்.

என் போன் அடித்தது. ப்ராக்ஸி. பின்னால் கைதட்டல் சத்தம் பலமாகக் கேட்டது.

"எங்க போயிட்டே? பேட்டரி வந்து ஜெனரேட்டர் அப்பவே ஓடிடுச்சு, சீஃப் கெஸ்ட் வந்துட்டார், சர்டிபிகேட் எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. கவலைப்படாதே. உன் பேரைக் கூப்பிட்டப்ப நான் கூட்டத்துக்குள்ளேருந்து உன் குரல்ல பிரசன்ட் சொல்லிட்டேன். எச்ஓடியே டிக் போட்டார். உன் சர்டிபிகேட் என்கிட்டதான் இருக்கு. 'பூஜ்ஜிய விபத்துத் தூதர்'னு போட்டிருக்கு."

போனை அணைத்தேன். அண்ணன் கயிற்றைச் சுருட்டியபடியே என் அருகில் வந்துவிட்டான்.

"யாரு?"

"கூடப் படிக்கிறவன்."

"என்னவாம்?"

"நான் அங்கதான் இருக்கேனாம்."